நாற்பத்தொன்றாவது பிளேடு

மார்ச் 2. பெண்கள் 7. வாங்கிய பிளேடு 7. திரும்பியது 7.
மார்ச் 5. பெண்கள் 6. வாங்கியது 6. திரும்பியது 6.
மார்ச் 9. பெண்கள் 11. வாங்கியது 7. திரும்பியது 7. சீழ் 1.
மார்ச் 14. பெண்கள் 8. வாங்கியது 8. திரும்பியது 8.
மார்ச் 17. பெண்கள் 9. வாங்கியது 5. திரும்பியது 5. சீழ் 3.
மார்ச் 23. பெண்கள் 10. வாங்கியது 8. திரும்பியது 7. சீழ் 1.
மொத்தம். பெண்கள் 51. வாங்கியது 41. திரும்பியது 40. சீழ் 5.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் அறுவைப் பிரிவில், ஒரே மாதத்தில், விசாரணைக்கு எடுத்துக்கொண்ட ஆறு நாட்களின் எண்ணிக்கை இது. ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ முன்பு அடிவயிற்றிலும் தொடைச் சந்திலும் முடி எடுக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர், அதற்காக ஸ்டோரில் வாங்கிய புது பிளேடு எத்தனை, வேலை முடிந்து தகர டப்பாவில் போட்டுத் திருப்பியது எத்தனை, பிறகு புண்ணில் சீழ் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று படிக்க வேண்டும். சீழ் வைத்த ஐந்து பேரில் ஒருத்தி மார்ச் 29 காலை ஏழே காலுக்கு இறந்தாள். வயது இருபத்து மூன்று. இரண்டாவது பிரசவம்.

அந்த ஆஸ்பத்திரியின் பதிவறையில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். இந்த எண்களால் தன் வேலையை இழந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். அவரைப் பற்றி ஆஸ்பத்திரிப் பதிவுகளில் இருப்பது இரண்டே வரி. அந்த இரண்டும் தவறு.

வார்டில் அவருக்கு மெதுவாக்கா என்று பெயர். ஒல்லியான உடம்பு, நீளமான கைகள், காதோரம் சீக்கிரமே நரைத்த முடி. காலை ஆறு மணிக்கு வருவார், மதியம் இரண்டு மணிக்குப் போவார். அவருக்கென்று ஒதுக்கியிருந்த வேலை அந்தச் சவரம் ஒன்றுதான். வார்டின் கோடியில் ஒரு சின்ன அறை. உயரமான கட்டில் ஒன்று, திரை ஒன்று, தண்ணீர் காய்ச்சும் பாத்திரம், சுவரில் ஓர் அலமாரி. அந்த அறைக்குள் போகும் பெண்கள் பயந்த முகத்தோடு போவார்கள். ஆபரேஷனை விட அதற்குத்தான் பலருக்குப் பயம். முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் உடையைத் தூக்க வேண்டும், அதுவும் கையில் ரேசரோடு நிற்பவள் முன்னால். உள்ளே இருந்து அவர் குரல் மட்டும் வெளியே கேட்கும். "மெதுவா தாயி, மெதுவா. மூச்ச விடு. நானும் மெதுவாதான் செய்யப்போறேன்." அப்படி வந்த பெயர் அது.

அவருடைய கணவர் பஸ் டிப்போவில் டயர் மாட்டுபவர். நல்ல மனிதர்தான், ஆனால் மனைவியின் வேலையை வெளியில் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரில நர்சுக்கு உதவியா இருக்கா" என்பார். ஒரே மகள். அவளும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லி வந்தாள். மெதுவாக்காவுக்கு அது தெரியும். "சொல்லட்டும் சார், நானும் உதவிதானே செய்யறேன்" என்பார்.

இந்த வேலைக்கு அவர் எப்படி வந்தார் என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய பிரசவத்தின்போது, வேறோர் ஆஸ்பத்திரியில், வறட்டுச் சவரம் செய்துவிட்டார்களாம். தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை, பழைய பிளேடு. ஒரு மாதம் எரிச்சல், கொப்புளம், நடக்க முடியாமல் கிடந்திருக்கிறார்.

"எரிஞ்சது மறந்துபோச்சு சார். ஆனா செஞ்சவ ஒரு வார்த்தை சொன்னா. 'பெத்துக்கும்போது வெட்கம் இல்ல, இப்ப என்ன நெளியற'ன்னா. அது மறக்கல. அந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சப்ப, நானே போனேன். வேற யாரும் கேக்காத வேலை, உடனே குடுத்துட்டாங்க."

அவர் சேர்ந்து பதினாறாவது வருடம், அவர் செய்யும் முறையை எழுத்தில் வாங்கி அறையில் ஒட்ட வேண்டும் என்று பெரிய டாக்டர் உத்தரவிட்டார். அப்படியாவது மற்ற உதவியாளர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று எண்ணம். எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதிவறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் காகிதத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"முதல்ல எந்த இடம்னு எழுதணும்" என்றேன்.

"அந்த இடம்னு எழுதுங்க. படிக்கிறவளுக்கு எந்த இடம்னு தெரியும்."

"அப்படி எழுத முடியாதும்மா. சரியா இருக்கணும்."

"அப்ப நீங்களே சொல்லுங்க, என்ன எழுதப்போறீங்க?"

பேனாவை இரண்டு முறை உதறினேன். அடிவயிற்றின் கீழ்ப்பகுதி என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எளிதாக வந்தது. நீளமான முடியின் மேல் நேராக ரேசரை வைக்கக் கூடாது, முதலில் கத்திரியால் ஒட்ட வெட்ட வேண்டும். பருவோ புண்ணோ இருந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு வைக்க வேண்டும்.

"எத்தனை நிமிஷம்?"

"நிமிஷமெல்லாம் பாக்கறதில்ல. மனசுக்குள்ள நூறு எண்ணுவேன். அவசரமா எண்ணக் கூடாது. அப்படி ரெண்டு தடவை."

கைக்கடிகாரத்தை எடுத்து வைத்து, எண்ணச் சொன்னேன். உதடு அசையாமல் எண்ணினார். மூன்று நிமிடம் இருபது நொடி. அதையும் எழுதினேன்.

வாசனை இல்லாத சோப்பை நன்றாக நுரைத்துப் பூச வேண்டும். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே ரேசரை விட வேண்டும், எதிர்த்து இழுக்கக் கூடாது. அழுத்தக் கூடாது, ரேசரின் கனமே போதும். ஒவ்வோர் இழுப்பும் ஒரு விரற்கடை அளவுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரேசரைத் தண்ணீரில் அலச வேண்டும். வழித்த இடத்தில் திரும்பத் திரும்ப வழிக்கக் கூடாது.

"வழவழன்னு வரணும்னு பாக்கக் கூடாது சார். நாலு முடி நின்னா நிக்கட்டும். ஆசைப்பட்டு இன்னொரு இழுப்பு இழுத்தா, அங்கதான் எரியும்."

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பவுடர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். இரண்டு நாளைக்குத் தளர்வான பருத்தி உள்ளாடை. கடைசியாக, ஆளுக்கு ஒரு புது பிளேடு. ஒருத்திக்குப் போட்டதை இன்னொருத்திக்குப் போடவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார். நான் ஒரு முறைதான் எழுதினேன்.

அந்தத் தாளை அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். சீழ் குறைந்தது. அதுவரை என் பதிவில் மாதத்துக்கு இரண்டு மூன்று இருந்தது, பிறகு ஒன்று, சில மாதங்களில் ஒன்றும் இல்லை.

அதே வருடம் நான் ஒரு புதிய படிவம் அச்சடிக்கக் கொடுத்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். 'தயார் செய்தவர்' என்று அதில் ஒரு கட்டம். அந்த வேலைக்கு நியமிக்கப்பட்டவர் ஒருவர்தான், அவருடைய பணியாளர் எண் 47. ஒவ்வொரு தாளிலும் கையால் எழுதுவது வீண் என்று நினைத்து, அச்சிலேயே 47 என்று போட்டுவிட்டேன். நேரத்துக்கு ஒரு கட்டம் வைக்க இடம் போதவில்லை. அதை விட்டுவிட்டேன். தாள் பார்க்க மிகச் சுத்தமாக இருந்தது.

இரண்டு மணிக்கு மேல் அவசரமாக வரும் பெண்களுக்கு யார் சவரம் செய்தது என்று அந்தத் தாளில் இல்லை. எல்லாத் தாளிலும் 47 இருந்தது. பிறகு மதிய ஷிப்டுக்குப் புதிதாக வந்த உதவியாளரை எல்லோரும் நெட்டை என்பார்கள். ஸ்டோர் இரண்டு மணிக்கு மூடிவிடும். மெதுவாக்கா மறுநாள் காலையில் எண்ணித் திருப்புவதற்காக அலமாரியில் வைத்துவிட்டுப் போகும் தகர டப்பா திறந்தேதான் இருக்கும். நெட்டை அதிலிருந்து பழைய பிளேடை எடுத்து, வறட்டுச் சவரமாக இரண்டு நிமிடத்தில் முடித்து, மறுபடி டப்பாவிலேயே போட்டுவிடுவாள். எண்ணிக்கை குறையாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 23 அன்று மெதுவாக்கா எட்டு பிளேடு வாங்கினார். எட்டாவது நோயாளிக்குக் காய்ச்சல், ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. ஒரு பிளேடு மீந்தது. அன்று நடந்ததை நான் அப்போது அறியேன். பின்னால் தெரிந்தாலும் நடந்த தேதியில்தான் அதை வைக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வார்டில் ஓர் இளம் நர்ஸ் இருந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், அதனால் அவளைக் கண்ணாடி என்பார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம். அன்று காலையில் ஒரு மாதிரி நடந்து போனாள்.

"என்ன கண்ணாடி, காலை அகட்டி அகட்டி நடக்கிற? புதுச் செருப்பா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு யாரும் இப்படி நடக்கமாட்டாங்க. உள்ள வா."

திரைக்குப் பின்னால் பார்த்தார். தொடைச் சந்து முழுக்கச் சிவப்புக் கொப்புளம்.

"எதால எடுத்த?"

"அவரோட ரேசர்ல."

"அதுல அவரு எத்தனை நாளா தாடி வழிக்கிறாரு?"

"ஒரு மாசம் இருக்கும்க்கா."

"ஒரு மாசமா! அதுல பென்சில்கூட சீவ முடியாதே. தண்ணி போட்டியா?"

"அவசரத்துல..."

"சோப்பு?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நல்லா இருக்கு போ. ஊருக்கெல்லாம் ஊசி போடற பொண்ணு, இதுக்கு மட்டும் தண்ணிகூட தொடல."

"யாரைக் கேக்கறதுக்கா இதையெல்லாம்? அம்மாகிட்ட கேக்க முடியுமா, மாமியார்கிட்ட கேக்க முடியுமா? ராத்திரியெல்லாம் அரிக்குது. அழுகையா வருது."

"அழாத. பத்து நாள் எதுவும் செய்யாத. ஈரத்துணி வை. சொறியாத. உள்ளயே சுருண்டு நிக்கிற முடிய ஊசியால நோண்டாத, அதுவா வெளிய வரும். சீழ் கட்டினா டாக்டர்கிட்ட காட்டு, வெட்கப்படாத. இறுக்கமா எதையும் போடாத."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எடுக்காமலே இரு. அங்க முடி இருந்தா அழுக்குன்னு உனக்கு யாரு சொன்னது? கத்திரியால ஒட்ட வெட்டிக்கிட்டா போதும். இல்ல, எடுத்தே தீருவேன்னா இங்க ஒட்டி வெச்சிருக்கிற தாளைப் படிச்சுட்டு எடு. இந்தா, புது பிளேடு. வீட்டுக்காரர் கண்ணுல காட்டாத, தாடிக்குப் போட்டுடுவாரு."

கண்ணாடி அழுகையினூடே சிரித்துவிட்டாள். காகிதத்தில் சுற்றிய பிளேடைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்றாள்.

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்? இத்தனை வருஷமா இந்த ரூம்ல பாத்தத நான் எங்க வீட்டுச் சுவருக்குக்கூட சொன்னதில்ல."

ஆறு நாள் கழித்து அந்த இருபத்து மூன்று வயதுப் பெண் இறந்தாள். அவளுடைய கணவர் வார்டு வாசலில் பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார். யாரிடமும் சத்தம் போடவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "வரும்போது நல்லாதானே இருந்தா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சவரம் செய்த இடத்தில் கீறல்கள் இருந்தன, அங்கிருந்துதான் சீழ் பரவியது என்று டாக்டர்கள் எழுதினார்கள். தாளைப் பார்த்தார்கள். தயார் செய்தவர், 47.

விசாரணை ஏப்ரல் 11 என்று முடிவாயிற்று. மெதுவாக்கா பதிவறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்தப் பொண்ணு சாயந்தரம் நாலு மணிக்கு வந்தது. நான் ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன். அவள நான் பாத்ததுகூட இல்ல. உங்க தாள்ல ஏன் என் நம்பர் இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஆபரேஷன் தியேட்டரின் நேரப் புத்தகம், ஸ்டோர் சீட்டு, டப்பாவின் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து வைத்துச் சரிபார்த்தேன். ஐம்பத்தொரு பெண்களில் பதினொரு பேர் இரண்டு மணிக்கு மேல் வந்தவர்கள். சீழ் வைத்த ஐந்து பேரும் அந்தப் பதினொருவரில் அடக்கம். காலையில் மெதுவாக்கா கை வைத்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. நாற்பது பேருக்கு நாற்பது பிளேடு, பதினொரு பேருக்குப் பூஜ்யம். அவரைக் காப்பாற்ற அது போதும். ஆனால் ஸ்டோர் சீட்டில் நாற்பத்தொன்று இருந்தது.

நான்கு நாள் அந்த ஒரு பிளேடைத் தேடினேன். ஸ்டோர்காரரிடம் கேட்டேன், டப்பாவைக் கொட்டி எண்ணினேன். கடைசியில் அவரையே கேட்டேன்.

"ஒருத்தருக்குக் குடுத்தேன் சார். யாருன்னு கேக்காதீங்க."

விசாரணை அறையில் நீள மேசை, அதன் பின்னால் பெரிய டாக்டரும் இன்னும் இருவரும். நெட்டை சுவரோரம் நின்றாள். கண்ணாடி நோயாளிகளின் சார்ட்டுகளை எடுத்துக் கொடுப்பதற்காகக் கதவருகே நின்றாள்.

"47 யாரு?"

"நான்தாங்கய்யா."

நான் எழுந்து, 47 அச்சில் இருக்கும் எண், யார் செய்தாலும் அதுதான் இருக்கும் என்று சொன்னேன்.

"அப்போ உங்க பதிவு பொய்யா?" என்றார் பெரிய டாக்டர்.

"பொய் இல்லைங்க. படிவம் அப்படி."

இன்றைக்கு என்றால் ஆமாம் என்றே சொல்லியிருப்பேன்.

நெட்டையைக் கேட்டார்கள். "நாங்க தொடறதே இல்லைங்க. அவங்கதான் எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போவாங்க" என்றாள்.

"நாலு மணிக்கு வரப்போற பொண்ணுக்கு நான் ரெண்டு மணிக்கே எப்படி முடிச்சு வைப்பேன்? ஜோசியமா பாக்கறேன்?" என்றார் மெதுவாக்கா. மேசைக்குப் பின்னால் ஒருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

நான் என் கணக்கை நீட்டினேன். பெரிய டாக்டர் பொறுமையாகப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நாற்பத்தொண்ணு வாங்கியிருக்கு. நாற்பது திரும்பியிருக்கு. ஒண்ணு எங்கம்மா?"

"ஒருத்தருக்குக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"அத சொல்லமாட்டேங்க."

"வித்துட்டீங்களா?"

"ஆமா, ஒரு பிளேடை வித்து மூணு மாடி கட்டிட்டேன்."

"விளையாடற நேரம் இல்ல. ஒரு பொண்ணு செத்துப்போயிருக்கு. அந்தப் பிளேடு யார்கிட்ட போச்சுன்னு சொன்னா, அவங்கள ஒரு வார்த்தை கேட்டு முடிச்சுடலாம்."

மெதுவாக்கா கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், திரும்பாமல் இருக்க அவர் கஷ்டப்பட்டது தெரிகிறது. கண்ணாடி கையிலிருந்த சார்ட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே அடுக்கி இருந்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "போன வருஷம் ஸ்டோர் கணக்குல ஒரு கட்டு பஞ்சு குறைஞ்சதுன்னு மொத்தக் கணக்கையும் திருப்பி அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? ஒண்ணு இடிச்சா எல்லாமே இடிக்கும்னு ஓரத்துல எழுதியிருந்தீங்க. இப்ப நான் என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க."

நான் அப்படி எழுதியது உண்மை. பலமுறை எழுதியிருக்கிறேன்.

வெளியே நடைபாதையில் அவரிடம் கெஞ்சினேன். ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும் என்றேன்.

"சார், அது வெட்கத்த விட்டுட்டு எங்கிட்ட வந்து காட்டுச்சு. அத நாலு ஆம்பளைங்க இருக்கற ரூம்ல நான் சொல்லணுமா? அப்புறம் எந்தப் பொண்ணு என் ரூமுக்கு வரும்?"

"ரூமே இருக்காதேம்மா."

"அதுவா வந்து சொல்லும் சார். சொல்லலைன்னா விடுங்க."

அதுவாக வந்து சொல்லவில்லை. ஏப்ரல் 20 அன்று உத்தரவு வந்தது. பொருள் கணக்கில் நேர்மையின்மை, பணியில் கவனக்குறைவு. முதலில் சொன்ன இரண்டு வரி இவைதான். சலவைப் பிரிவுக்கு மாற்றம். கண்ணாடி மே மாதம் வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு தூரத்து நகரம் ஒன்றுக்குப் போய்விட்டாள்.

மெதுவாக்காவின் கணவருக்கு உள்ளூரச் சந்தோஷம். "துணி துவைக்கிறான்னா வெளிய சொல்லிக்கலாம்" என்றாராம். அதை எனக்குச் சொல்லிவிட்டு மெதுவாக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

சலவைப் பிரிவு தரைக்குக் கீழே. ரத்தக்கறை போக, கண்ணைக் கரிக்கும் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டியில் துணிகளை ஊறப்போட்டு, கையால் கசக்க வேண்டும். கையுறை கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் கிழிந்தது, மறுபடி கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் அவர் விரல்கள் வெடித்து, ரேகைகள் மறைந்துபோயின. சம்பளப் பதிவில் கட்டைவிரல் வைத்தால் வெறும் மைத்திட்டாக விழுந்தது. அந்த விரல்கள்தான் தோலை இழுத்துப் பிடித்த விரல்கள்.

காலை வேலையும் நெட்டைக்கே போயிற்று. மே மாதம் சீழ் 4. ஜூன் 7. ஜூலை 6. படிவத்தில் 47ஐ எடுத்துவிட்டு, நேரத்துக்கும் கையெழுத்துக்கும் கட்டம் வைத்து வேறு அச்சடித்தேன். மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் 'கவனிக்கப்படும்' என்று பதில் வந்தது. நான்காம் வருடம் சவரத்தையே நிறுத்தி, தேவைப்பட்டால் சிறு மெஷினால் முடியை ஒட்ட வெட்டினால் போதும் என்று உத்தரவு வந்தது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு மெதுவாக்காவே நோயாளியாக அந்த வார்டுக்கு வந்தார். கர்ப்பப்பையில் கட்டி.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தார்.

"சார், உங்க தாள் இன்னும் அங்கதான் இருக்கு. மேல ஒரு காலண்டர மாட்டிட்டாங்க. ஓரம் மட்டும் தெரியுது."

"நெட்டை எப்படிச் செஞ்சா?"

"தண்ணிய கொஞ்சம் சூடு பண்ணு தாயின்னேன். பண்ணினா, பாவம். துணிய போட்டுட்டு நூறு எண்ணுன்னேன். இருபதுலயே எடுத்துட்டா." சிரிக்கப் பார்த்தார், வயிறு வலித்தது. "கை அழுத்துது சார் அவளுக்கு. யாரும் சொல்லிக்குடுக்கல. சொல்லிக்குடுத்திருக்கலாம் நான். ரெண்டு மணிக்கு மேல ஒரு அரைமணி நேரம் நின்னிருந்தா ஆயிருக்கும்."

மகள் அழ ஆரம்பித்தாள். "எங்கம்மா என்ன வேலை பாத்தாங்கன்னு நான் ஒருத்தர்கிட்டகூட சொன்னதில்ல அங்கிள்" என்றாள்.

"இப்ப போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத" என்றார் மெதுவாக்கா.

எழுந்திருக்கும்போது மறுபடி கேட்டேன். அந்தப் பிளேடு யாரிடம் போயிற்று என்று.

"நீங்க இன்னுமா அந்த ஒண்ண எண்ணிக்கிட்டிருக்கீங்க?" என்றார்.

கட்டி கெட்ட வகை என்று பத்து நாளில் தெரிந்தது. ஆகஸ்ட் 8 அன்று, பகல் பதினொன்று ஐம்பதுக்கு, வீட்டில் இறந்தார். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய பணிப் பதிவேட்டைக் கடைசியாக மூடிக் கட்டியது நான்தான். அந்த இரண்டு வரியை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அப்படியே கட்டி வைத்தேன்.

இருபத்தாறு நாள் கழித்துப் பதிவறைக்கு என் பெயரில் ஒரு தடித்த உறை வந்தது. அனுப்பியவள் கண்ணாடி.

"அக்கா வீட்டு விலாசம் தெரியாததால் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பிளேடு என்னிடம்தான் இருந்தது. அன்று கதவருகே நின்றபோது மூன்று முறை வாயைத் திறந்தேன். எதற்கு வாங்கினாய் என்று கேட்பார்களே, எல்லோரும் சிரிப்பார்களே, விஷயம் வீட்டுக்குப் போகுமே என்று பயந்தேன். அக்கா என் பக்கம் திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன். திரும்பவில்லை. போன மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. இங்கே வறட்டுச் சவரம் செய்ய வந்தார்கள். வேண்டாம் என்று சொன்னேன், தண்ணீரும் சோப்பும் கொண்டுவரச் சொன்னேன். அதைச் சொல்ல முடிந்த எனக்கு, அன்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. எங்கே வேண்டுமானாலும் வந்து கையெழுத்துப் போடுகிறேன். அக்காவை மறுபடி அந்த அறைக்கே அனுப்பச் சொல்லுங்கள்."

கடிதத்தோடு ஓர் அட்டைத் துண்டு இருந்தது. அதில் நூலால் கட்டி, பழைய காகிதம் பிரியாமல், அந்தப் பிளேடு. அவள் அதைப் பயன்படுத்தவே இல்லை.

கடிதத்தின் நகலைப் பெரிய டாக்டருக்கு அனுப்பினேன். மூலத்தை மெதுவாக்காவின் மகளிடம் கொடுத்தேன். பிளேடை அவருடைய பதிவேட்டில் வைத்து, உள்ளட்டையில் எழுதினேன்.

வாங்கியது 41. திரும்பியது 41.
கடிதம் வந்த தேதி, செப்டம்பர் 3.